எல்லைக் கல்லும் தர்மக் காரியமும்

வேத பகுதி: உபாகமம் 19:14, 2 சாமுவேல் 24:18-25



"நல்ல காரியத்துக்குத்தானே பாஸ்டர், ஒரு அடி முன்னே பின்னே இருந்தா என்ன?" என்று போன மாதம் ஒரு சகோதரன் கேட்டார். சபைக்குப் பின்னால் சுவர் எழுப்புகிற பேச்சு அது. என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்விக்கு நான் ஒருமுறை தவறான பதில் கொடுத்தவன்.

ஊழியத்துக்கு வருமுன் ஒரு சர்வேயர் அண்ணனிடம் டேப் பிடிக்கிற வேலை பார்த்தேன். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, பக்கத்து நல்லவாட்டு ஜனங்கள் எப்படித் தப்பினார்கள் என்று அறிவீர்கள். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரிக்க, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தூரத்திலிருந்து வந்த தயவு அது. மறுவருஷம், இலங்கை திருகோணமலைப் பக்கம் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு இல்லம் கட்ட அளவு வேலைக்கு ஆள் கேட்டார்கள். நாமும் தூரத்துக்குப் போய் உதவலாமே என்று அண்ணனோடு போனேன். எனக்கு அப்போது 24 வயது.

சட்டப்படியான அளவை அந்நாட்டு சர்வேயர்கள் செய்வார்கள். மேடு பள்ளம் பார்த்து லெவல் எடுப்பதும், கட்டடத்துக்கு முளை அடிப்பதும் எங்கள் வேலை. அளவெல்லாம் பேர்ச்சஸ் கணக்கு. 160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர். நமக்குக் காணி என்றால் 100 குழி. அவர்களுக்குக் காணி என்றால் நிலம், அவ்வளவுதான். கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாதென்று அரசாங்கம் அப்போது சொல்லியிருந்ததால், உள்ளே தள்ளி நிலம் கிடைப்பது கஷ்டமாயிருந்தது.

எங்களுக்குக் கிடைத்த நிலத்தில் ஒரு அறை அடங்க இன்னும் 8 அடி தேவைப்பட்டது. வடக்கே பனை வரிசைதான் எல்லை. அதற்கப்பால் புதரும் ஒரு பாழ்கிணறும். "யாரு வரப்போறா, தள்ளி அடி" என்றார்கள். அடித்தேன்.

சாயங்காலம் பக்கத்து வளவு அம்மா வந்தார்கள். "தம்பி, அது என்ட தங்கச்சியின்ட காணி. 90-ல சண்டைக்குள்ள போட்டில இந்தியாவுக்குப் போனவ. கீழ்புத்துப்பட்டு முகாம்ல இருக்கிறா. ஒரு நாள் வருவா."

கீழ்புத்துப்பட்டு! புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வருகிற ஊர். அன்று இரவு என்னால் ஜெபிக்க முடியவில்லை. திக்கற்ற பிள்ளைகளின் நிலத்துக்குள் நுழையாதே என்கிறது நீதிமொழிகள் 23:10. நானோ திக்கற்ற பிள்ளைகளின் பேரைச் சொல்லியே, இன்னொரு திக்கற்றவளின் நிலத்துக்குள் நுழைந்திருந்தேன்.

காலையில் அண்ணனிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டார், ஆனாலும் முளையைப் பிடுங்கினோம். ஒரு அறை குறைந்தது. நான்கு பிள்ளைகளுக்கு இடமில்லாமற்போயிற்று. அந்த நால்வரை நினைத்து, நாம் செய்தது சரிதானா என்று வெகுநாள் கலங்கினேன்.

தாவீது ராஜாவின் காரியத்தில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. களத்தையும் மாடுகளையும் இலவசமாய்த் தருகிறேன் என்று அர்வனா சொல்லியும், தனக்குச் செலவில்லாததைக் கர்த்தருக்குப் படைக்க மாட்டேனென்று ராஜா 50 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்தான். கொடுக்கிறேன் என்றவனிடமே விலை கொடுத்து வாங்கினான். நாங்களோ கேட்கக்கூட இல்லை. இரக்கம் நம்முடைய பையிலிருந்து போகவேண்டும். ஊரில் இல்லாதவளின் பையிலிருந்து அல்ல. நான்கு பிள்ளைகளுக்கு இடம் வேண்டுமா? இன்னும் பணம் சேர்த்து நிலம் வாங்க வேண்டியது நாங்கள்.

பத்து வருஷம் தடையின்றி அனுபவித்தவனுக்கே நிலத்தில் உரிமை என்கிற சட்டம் இலங்கையில் உண்டு. போரினால் திரும்ப முடியாதவர்களுக்கு அது அநியாயமென்று கண்டு, 1983 முதல் 2009 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காதபடி 2016-ல் தனிச்சட்டம் செய்தார்கள். உலகத்தின் சட்டமே இல்லாதவனுக்காக யோசிக்கிறது. விசுவாசி யோசிக்க வேண்டாமா?

ஊர் திரும்பியதும் முகாமுக்குப் போய் அந்தச் சகோதரியைப் பார்த்தேன். முளை அடித்ததையும் பிடுங்கினதையும் மறைக்காமல் சொன்னேன். அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "கிணத்துல தண்ணி கிடக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டார்கள்.

பிரியமானவர்களே, சபைச் சுவரானாலும் சரி, பக்கத்து வயல் வரப்பானாலும் சரி, முளை அடிக்குமுன் ஒன்று கேளுங்கள்: இந்த ஒரு அடிக்கு விலை கொடுப்பது யார்? அந்தச் சகோதரனுக்கு இதுவே என் பதில். நம் சுவர் ஒரு அடி உள்ளே தள்ளியே எழும்பட்டும்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.