பூட்டை உடைத்தவரும் பத்திரம் கொடுத்தவரும்

2023 பிப்ரவரி 12 அதிகாலை. திருவண்ணாமலை, போளூர், கலசபாக்கம் பகுதிகளில் நான்கு ஏடிஎம் இயந்திரங்களை வெல்டிங் கருவியால் அறுத்து, சுமார் 73 லட்சம் ரூபாயை அள்ளிக்கொண்டு போனது ஒரு கும்பல். தனிப்படைகள் மாநிலம் மாநிலமாகத் தேடின. ஒரு வாரத்துக்குள் அரியானாவில் கைது நடந்தது. பாராட்ட வேண்டிய வேகம்தான். ஆனால் அந்தக் கொள்ளையால் எந்த வாடிக்கையாளரின் கணக்கிலும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 2022 மே மாதத்தில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஆரணியிலும் கிளை வைத்திருந்த ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தில் பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனை நடத்தியது. லட்ச ரூபாய் கட்டினால் மாதம் 30,000 வரை தருவதாகச் சொல்லி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் போலீஸ் கூறியது. ஏடிஎம் கொள்ளையைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேல். குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டால், இதில் போனது தாலிச்செயினை அடகு வைத்த பணம், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம், ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணம்.

“பேராசைப்பட்டார்கள், இழந்தார்கள்” என்று சொல்லிவிடுவது சுலபம். மாதம் 30 சதவீதம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்க வேண்டும் என்பது நியாயமே. ஆனால் கதவைத் தாழிடாமல் தூங்கியவரின் கவனக்குறைவு, உள்ளே நுழைந்து திருடியவரின் குற்றத்தைக் குறைப்பதில்லை. தவிர, ஏமாறுபவர் எல்லோரும் கொள்ளை வட்டிக்கு ஆசைப்பட்டவரும் அல்லர். பலகாரத்துக்கும் மளிகைக்கும் ஒரு கிராம் தங்கத்துக்குமாக மாதாமாதம் தீபாவளிச் சீட்டு கட்டிப் பறிகொடுத்தவர்களை எந்தப் பேராசைக் கணக்கில் எழுதுவது?

இன்னொரு வாதம் கனமானது. நிறுவனத்தை நடத்தியவரைச் சிறையில் அடைத்தால் போட்ட பணம் திரும்பி வருமா? தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் 1997 இதை யோசித்தே எழுதப்பட்டது. பத்தாண்டு வரை சிறைக்கும் வழி உண்டு. சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் மூலம் விற்றுப் பங்கிட்டுக் கொடுக்கவும் வழி உண்டு. குறை, நடைமுறையின் தாமதத்தில் இருக்கிறது. திருப்பூர் பாசி நிறுவன முதலீட்டு மோசடி 2009இல் வெடித்தது. இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறையும் 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்துக் கோவை நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஆகஸ்டில். தண்டனை கடுமையானதுதான். ஆனால் அறுபது வயதில் பணம் கட்டியவருக்கு அப்போது எழுபதைத் தாண்டியிருக்கும்.

கடுமை எல்லோர் மேலும் ஒரே அளவில் விழவும் கூடாது. கமிஷனுக்காகச் சொந்தக்காரர்களைச் சேர்த்துவிட்டுத் தன் பணத்தையும் தொலைத்த கடைநிலை முகவரும், திட்டத்தைத் தீட்டிப் பணத்தை வெளிநாட்டுக்குக் கடத்தியவரும் ஒரே தட்டில் நிற்கக் கூடியவர்கள் அல்லர்.

முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்துக்கான சிறப்பு நீதிமன்றங்கள் சென்னை, கோவை, மதுரையில் இயங்குகின்றன. ஆரணிக்காரர் வழக்குக்காக ஒரு நாள் கூலியை விட்டுச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டும். வட மாவட்டங்களுக்கென ஒரு நீதிமன்றம், வங்கிக் கணக்குகளைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த தணிக்கையாளர்கள், முடக்கிய சொத்தை விற்க ஒரு காலக்கெடு ஆகிய மூன்றும் உடனே வேண்டும். ஏடிஎம் கொள்ளையருக்காக அரியானா வரை போன அக்கறையை, முதலீட்டுப் பத்திரத்தின் நகலோடு புகார் கொடுக்க வரிசையில் நிற்பவரும் அரசிடம் உரிமையோடு கேட்கலாம்.