ஒருதலைக் காதல் என்று ஒன்று உண்டா?

‘ஒருதலைக் காதலால் விபரீதம்’ என்ற தலைப்பைச் செய்தித்தாளில் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு எரிச்சல் வரும். கத்தியோடு வந்தவன், ஓடும் ரயில் முன்னால் தள்ளிவிட்டவன், பெட்ரோல் கேனோடு வீட்டு வாசலில் நின்றவன் எல்லோருக்கும் இந்த ஒரு சொல் அடைக்கலம் கொடுக்கிறது. நகைக்காக ஒருவரைக் கொன்றால் அது கொலை. ‘பொன்மீது கொண்ட காதலால் விபரீதம்’ என்று யாரும் எழுதுவதில்லை. பெண்ணைக் கொன்றால் மட்டும் கொலை காதலின் ஒரு வகையாகிவிடுகிறது.

கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் தினமும் ஏறி இறங்கும் பெண்களுக்கு இது வெறும் சொல் பற்றிய சண்டை அல்ல. 2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் நிலையத்தில் வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த மென்பொருள் ஊழியர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2017 நவம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு பெண் சொந்த வீட்டிலேயே எரிக்கப்பட்டார். 2021 செப்டம்பர் 23 அன்று தாம்பரம் ரயில் நிலையம் அருகே ஒரு கல்லூரி மாணவி குத்திக் கொல்லப்பட்டார். 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை நிலையத்தில் இன்னொரு மாணவி ரயில் முன் தள்ளப்பட்டார். நான்குமே நாங்கள் அன்றாடம் புழங்கும் இடங்கள். கொல்லப்பட்டவர்களின் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அதற்குக் காரணம் ஒரு திரைப்படம்.

நுங்கம்பாக்கம் கொலையை வைத்து எஸ்.டி. ரமேஷ் செல்வன் இயக்கிய படத்துக்கு முதலில் கொல்லப்பட்ட பெண்ணின் பெயரையே தலைப்பாக வைத்தார்கள். பெயருக்குப் பின்னால் ‘கொலை வழக்கு’ என்று ஒரு ஒட்டு. அவருடைய தந்தை எதிர்த்துப் புகார் கொடுத்தார். பிறகு ‘நுங்கம்பாக்கம்’ என்று பெயர் மாறி 2020இல் படம் வெளியானது. காவல்துறை அதிகாரியாக அஜ்மல் நடித்திருந்தார். மகளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர், அவள் பெயர் சுவரொட்டியில் ஒட்டப்படாமல் இருக்கக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். இறந்தவரின் கதை யாருக்குச் சொந்தம்? ‘நடந்ததுதானே, எல்லோருக்கும் தெரிந்ததுதானே’ என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்தது அவர் இறந்த விதம் மட்டும்தான். அதற்கு முந்தைய வாழ்க்கை யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள உரிமையும் இல்லை.

அந்த வழக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கைதான இளைஞர் 2016 செப்டம்பர் 18 அன்று புழல் சிறையில் இறந்துபோனார். மின்கம்பியைக் கடித்துத் தற்கொலை செய்துகொண்டார் என்றது சிறைத்துறை. குடும்பம் அதை ஏற்கவில்லை. விசாரணை நடந்து தீர்ப்பு வரவே இல்லை. இதற்குள் கொல்லப்பட்டவரின் சாதி என்ன, பிடிபட்டவரின் சாதி என்ன என்று ஊரே பேசித் தீர்த்துவிட்டது. நீதிமன்றம் முடிவு செய்யாத ஒன்றை ‘உண்மைச் சம்பவம்’ என்று திரையில் காட்டும்போது, பெண்ணுக்கும் நியாயம் கிடைப்பதில்லை, குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் கிடைப்பதில்லை. பெண்ணுக்காகப் பேசுகிற நாம் இதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் இதற்காகத் தடை கேட்கிறவள் அல்ல நான். வெறியாக மாறும் ஆசையைப் பற்றிப் படம் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். அந்தப் படம் நம்முடைய இரக்கத்தை எந்தப் பக்கம் கொண்டு நிறுத்துகிறது என்பதுதான் என் கேள்வி. 1991இல் வந்த ‘குணா’வில் நாயகன் ஒரு பெண்ணைக் கடத்திக் குகையில் வைத்திருக்கிறான். கடைசியில் அவளே அவனைக் காதலிக்கிறாள். கொடைக்கானலில் அந்தக் குகைக்கு இன்று குணா குகை என்றே பெயர். அடைத்து வைத்தவனின் பெயர் நிலைத்துவிட்டது. அடைபட்டவளின் பெயரைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் அவன் அவளுக்குச் சூட்டிய பெயரைத்தான் சொல்வார்கள். 2003இல் ‘காதல் கொண்டேன்’. சின்ன வயதில் வதைபட்டவன், யாருமில்லாதவன் என்று நாயகனுக்கு ஒரு நீண்ட சோகக் கதை இருந்தது. தியேட்டரில் அழுதவர்களில் நானும் உண்டு. அந்த அழுகையைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் அனாதை என்பதற்கான கடனை அந்தப் பெண் ஏன் அடைக்க வேண்டும்?

‘பாவம்’ என்ற சொல்லைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். 1996இல் நான் பல்லாவரத்திலிருந்து எழும்பூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஏழு மாதம் ஒருவன் பின்னாலேயே வந்தான். பேச மாட்டான். பிளாட்பாரத்தில் நிற்பான், நான் லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஏறியதும் அடுத்த பெட்டியில் ஏறுவான். கூட வரும் ஒரு அக்கா, “பாவம்டி, வாயில்லாப் பூச்சி மாதிரி இருக்கான், ஒரு வார்த்தை பேசிடேன்” என்றார். மாம்பலத்துக்குப் பூக்கூடையோடு போகிற அம்மா, “இறங்கற ஸ்டேஷன மாத்திக்கோ பாப்பா” என்றார். இரண்டுமே அன்பில் சொன்ன யோசனைகள். இரண்டிலும் மாற வேண்டியவள் நான்தான். அவன் மாற வேண்டும் என்று அந்தப் பெட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டில் சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள் என்று நானும் சொல்லவில்லை.

நம் பழைய இலக்கணம் இந்த விஷயத்தில் செய்தித்தாளைவிடத் தெளிவு. தொல்காப்பியம் ஒருபக்க ஆசையைக் கைக்கிளை என்றது. பொருந்தாத, மிஞ்சிப்போன ஆசையைப் பெருந்திணை என்றது. இரண்டையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்தது. மடலேறுதலை எடுத்துக்கொள்ளுங்கள். பனைமட்டையில் செய்த குதிரையில் ஏறி, எருக்கம்பூ சூடி, அவள் உருவத்தை எழுதிப் பிடித்துக்கொண்டு தெருவில் வருவது. அவன் வருத்திக்கொள்வது தன் உடம்பைத்தான், ஆனால் நெருக்கடி முழுக்க அவளுக்கும் அவள் வீட்டுக்கும். ஏறுவேன் என்று வாயால் சொல்வதுவரை அகத்துக்குள் இடம் உண்டு, ஏறிவிட்டால் அது பெருந்திணை என்று உரைகாரர்கள் கோடு போட்டார்கள். பெண்ணுக்கு மடலேறும் வழக்கமே கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். கையை அறுத்துப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறவன் பனைமட்டை இல்லாமல் மடலேறுகிறான்.

அப்படியானால் ஒருதலைக் காதலே கிடையாதா? உண்டு. பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ படத்தில் நடைபாதைக் கடையில் வேலை செய்யும் வேலு, வீட்டு வேலை செய்யும் ஜோதியை விரும்புகிறான். அவள் அவனைத் தவறாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்காக அவன் அவளிடம் எதையும் வசூலிக்க வருவதில்லை. ஆசைப்படுவதும், கிடைக்காமல் வருந்துவதும், நாலு நாள் சாப்பிடாமல் கிடப்பதும் குற்றமல்ல. பெண்களும் அப்படிக் கிடந்திருக்கிறோம். என் ஆசைக்கு நீ பதில் சொல்லியாக வேண்டும் என்று அது ஒரு பாக்கியாக மாறும் இடத்தில் காதல் என்ற பெயர் அதற்குப் பொருந்தாமல் போகிறது. முன்பு இருவரும் பழகியிருந்தாலும் இதில் மாற்றமில்லை. நேற்றுச் சம்மதித்தவள் இன்று வேண்டாம் என்றால், நேற்றைய சம்மதம் அவனுக்குப் பட்டா ஆகிவிடாது. ‘அவளும்தானே பழகினாள்’ என்ற பேச்சு எழாத வழக்கை நான் பார்த்ததில்லை.

சட்டம் 2013இல்தான் பின்தொடர்தலைத் தனிக் குற்றமாக்கியது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354டி, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. முதல்முறை என்றால் மூன்றாண்டுவரை சிறை, ஆனால் ஜாமீன் உண்டு. நடைமுறையில் பல நேரம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவதோடு முடியும். பரங்கிமலை வழக்கில் 2024 டிசம்பர் 30 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பலர் கொண்டாடினார்கள். எனக்குக் கொண்டாடத் தோன்றவில்லை. கொலைக்குப் பின்னால் உச்சபட்சக் கடுமை, கொலைக்கு முன்னால் ‘சின்னப் பையன், புத்தி சொல்லி அனுப்புங்க’ என்பது என்ன கணக்கு?

ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் வீடுகளில் சில பெண்களின் படிப்பு நிற்கிறது. பாதுகாப்பு என்று அதற்குப் பெயர். அதனால் என் வகுப்பில் இந்தப் படங்களைப் பற்றிப் பேசும்போது, “வீட்டுக்குத் தெரியாமல் என்ன செய்வது மேடம்?” என்ற கேள்விதான் முதலில் வரும். சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டது அதைவிடக் கடினம். “நீ பேசலைன்னா செத்துடுவேன்னு சொல்றான். நிஜமாவே செத்துட்டா அது என் பாவம் இல்லையா?”

இல்லை என்றேன். அவன் உயிர் பற்றிய கவலை அவளுக்கு இருக்கலாம், இருப்பது மனிதத்தனம். ஆனால் அந்தக் கவலைக்காகத் தனியாகப் போய் அவனைப் பார்க்க வேண்டியதில்லை. அவன் அனுப்பியதை அழிக்காமல் வைத்திருக்கச் சொன்னேன். அவன் அண்ணனுக்கும் நெருங்கிய நண்பனுக்கும் ஒரே செய்தியை அனுப்பி, பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதச் சொன்னேன். அவனுக்கு ஆலோசனைக்கு 104, அவளுக்கு 181. அவள் இரண்டு எண்களையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு, “அண்ணனுக்கு எழுதறப்ப என்ன மேடம் சொல்றது, லவ்வுன்னா?” என்று கேட்டாள். நாங்கள் உட்கார்ந்து அந்தச் சொல் வராமல் நான்கு வரி எழுதினோம்.