ஆப்பிள், ஹார்லிக்ஸ், அட்வைஸ்!

ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் மூன்று பொருள் கொண்டுபோவது நம் ஊர் வழக்கம். ஆப்பிள், ஹார்லிக்ஸ், அட்வைஸ். முதல் இரண்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். மூன்றாவது இலவசம். அதனால்தானோ என்னவோ, அதைத்தான் தாராளமாக வாரி வழங்கிவிட்டு வருகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து நாலாவது நாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். தூரத்து உறவில் ஒரு பெரியவர் வந்தார். நல்ல மனிதர். வெயிலில் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, கிளம்பும்போது சொன்னார்:

"எல்லாத்துக்கும் மனசுதாம்மா காரணம். நீ சின்ன வயசுலேருந்தே எதையும் வெளியே சொல்ல மாட்டே. உள்ளேயே போட்டுப் பூட்டி வெச்சே பாரு... அதான் கட்டியா வந்து நிக்குது. இனிமேலாவது மனசைச் சந்தோஷமா வெச்சுக்கோ!"

நான் தலையாட்டினேன். அக்காவும் சிரித்த முகமாக வழியனுப்பினாள். அவர் லிஃப்ட்டில் இறங்கிக்கூட இருக்க மாட்டார். அக்கா கூரையைப் பார்த்தபடி மெள்ளக் கேட்டாள்: "ஏண்டா... நான் அப்பப்போ வாய்விட்டு அழுதிருந்தா இது வந்திருக்காதோ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்று மழுப்பினேன். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், ஆபரேஷனுக்கு முந்தின வாரம் போனில் நானே அவளிடம், "நீ மனசு வெச்சாப் போதும்க்கா, நோய் பயந்து ஓடிடும்" என்று சொல்லியிருந்தேன். தைரியம் சொன்னதாக எனக்கு நினைப்பு. யோசித்துப் பார்த்தால், பெரியவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒரே சரக்குதான். மனசு வைத்தால் நோய் ஓடும் என்றால், ஓடாவிட்டால்? அவள் சரியாக மனசு வைக்கவில்லை என்றுதானே அர்த்தம்!

அக்காவின் கேள்வி என்னை விடவில்லை. பதில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில், பெரியவர் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மனசு உடம்பைப் பாதிக்கும். சந்தேகமே வேண்டாம். பரீட்சை நாளன்று வயிறு கலக்காதவர் யார்? வீட்டில் ஒழுங்காக இருக்கும் பிரஷர், டாக்டரைப் பார்த்ததும் எகிறுகிறதே!

அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி. 1995ல் வெளியானது. மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்து, இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் 13 பேர். அதே வயது, அதே வருமானம், ஆனால் அந்தப் பாரம் இல்லாத பெண்கள் இன்னொரு 13 பேர். எல்லோருடைய முன்கையிலும் மூன்றரை மில்லிமீட்டருக்குச் சின்னதாக ஒரு காயம் செய்தார்கள். தினமும் கவனித்தார்கள். பாரம் இல்லாதவர்களுக்குக் காயம் முழுசாக ஆற, சராசரியாக 39 நாள். பாரம் சுமந்தவர்களுக்கு 49 நாள். ஒரு சுண்டைக்காய்க் காயத்துக்குப் பத்து நாள் வித்தியாசம்!

ஜப்பானிய டாக்டர்கள் 1990ல் இன்னொன்றை எழுதிவைத்தார்கள். துக்கச் செய்தி கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார்கள். ஆஞ்சியோ எடுத்தால் ரத்தக் குழாயில் மாரடைப்புக்கான அடைப்பு இல்லை. இதயத்தின் இடது கீழறை மட்டும் பானை மாதிரி உப்பியிருக்கிறது. ஆக்டோபஸ் பிடிக்கும் பானைக்கு அங்கே 'டகோட்சுபோ' என்று பெயர். அதையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு அதிகம் வருகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். 'நெஞ்சே வெடிச்சுடும் போலிருக்கு' என்று நம் பாட்டிகள் சொன்னது வெறும் பேச்சில்லை.

ஆக, பெரியவர் சொன்னது சரியா? அவசரப்படாதீர்கள். இன்னொரு கதை இருக்கிறது. வயிற்றுப் புண் கதை.

என் அப்பா காலத்தில் அல்சர் என்றால் 'டென்ஷன் பேர்வழி' என்று அர்த்தம். ஆபீஸில் யாருக்காவது அல்சர் வந்தால், "காரத்தைக் குறை, கவலையைக் குறை, பாலைக் குடி" என்பார்கள். உலகம் முழுக்க டாக்டர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள். பாவம், அல்சர்காரர்கள் வயிற்று வலியோடு, 'நமக்குக் கவலைப்படாமல் இருக்கத் தெரியவில்லையே' என்ற கவலையையும் சேர்த்துச் சுமந்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து டாக்டர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும், 'இது ஒரு கிருமியின் வேலை' என்றார்கள். வயிற்று அமிலத்தில் கிருமியாவது, வாழ்வதாவது என்று பலரும் நம்பவில்லை. 1984ல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்து, கரைத்து, தானே குடித்துவிட்டார்! சில நாளில் வாந்தி. எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால் வயிற்றின் உட்புறம் அழன்று போயிருந்தது. 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்றைக்கு அந்தக் கிருமியால் வரும் அல்சரை, ஒன்றிரண்டு வார மாத்திரையில் ஒழித்துவிட முடிகிறது.

கிருமி வயிற்றில் இருக்கும் எல்லோருக்கும் புண் வருவதில்லை. வலி மாத்திரைகளாலும் அல்சர் வரும். மனசுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம். ஆனால், முக்கியக் குற்றவாளி வெளியே திரிய, இத்தனை வருஷம் நோயாளியின் சுபாவத்தைப் பிடித்து உள்ளே போட்டிருந்தோம்.

இது முதல் தடவையும் இல்லை. காசநோய்க்கும் ஒரு காலத்தில் மனசையும் சுபாவத்தையும் காரணம் சொன்னார்கள். 1882ல் ராபர்ட் கோக் கிருமியைக் காட்டினார். 1940களில் மருந்தும் வந்தது. அப்புறம் அந்தப் பேச்சு அடங்கியது. தானும் புற்றுநோயாளியாக இருந்த அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக், 1978ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். காரணம் முழுசாகப் புரியாத நோய்க்கெல்லாம் நோயாளியின் மனசைக் காரணமாக்கி, பழியை அவர் தலையிலேயே கட்டுகிறோம் என்பது அவருடைய கோபம்.

சரி, அக்காவின் கேள்விக்கு வருவோம். சுபாவத்தால் புற்றுநோய் வருமா? ஸ்வீடன், ஃபின்லாந்து நாடுகளில் சுமார் 60 ஆயிரம் பேரின் சுபாவத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். கலகலப்பானவர், ஒதுங்கி இருப்பவர், எதற்கும் பதறுபவர்... யாருக்கும் அந்தச் சுபாவத்தால் புற்றுநோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 2010ல் வந்த முடிவு.

வாய்விட்டு அழுதால் ஆயுள் நீளுமா? 1989ல் அமெரிக்க டாக்டர் டேவிட் ஸ்பீகல், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களை வாராவாரம் கூட்டிவைத்து மனம்விட்டுப் பேச வைத்ததில், அவர்கள் அதிக நாள் வாழ்ந்ததாக எழுதினார். உலகமே சந்தோஷப்பட்டது. அதே டாக்டர் மறுபடி செய்துபார்த்து, 2007ல் நேர்மையாகச் சொன்னார்: மொத்தத்தில் ஆயுள் நீளவில்லை. ஆனால், பேசிய பெண்களுக்கு மனவேதனையும் வலியும் குறைகிறது என்று இப்படிப்பட்ட குழுக்களில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. அதாவது, அழுகை வந்தால் அழலாம். பாரம் குறைவதற்காக. அழாமல் போனதால் நோய் வந்தது என்று யாரும் கணக்கு எழுத வேண்டாம்.

"அப்போ சிகரெட் ஊதித் தள்ளினவனுக்கு நுரையீரல் கெட்டால், அதையும் சொல்லக் கூடாதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்லலாம், சொல்ல வேண்டும். அங்கே காரணம் நிரூபணமானது. 'இன்றைக்கே விட்டுடு, நான் கூட இருக்கேன்' என்பது மருந்து. நோய் வந்த பிறகு விட்டால்கூடப் பலன் உண்டு. ஆனால், 'உன்னாலதான் வந்தது, அனுபவி' என்பது தீர்ப்பு. தீர்ப்பு சொல்ல நம்மை யாரும் கூப்பிடவில்லை.

'டென்ஷன் ஆகாதே' என்ற அறிவுரையையும் நாம் தப்பான ஆளிடம் சொல்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம். லண்டனில் வொயிட்ஹால் என்பது நம்ம ஊர் கோட்டை மாதிரி, அரசு அலுவலகங்கள் இருக்கும் இடம். 1967ல் தொடங்கி, அங்கே சுமார் 18 ஆயிரம் ஆண் ஊழியர்களைக் கவனித்தார்கள். பெரிய பொறுப்பில் இருக்கும் அதிகாரிக்குத்தானே இதய நோய் அதிகம் இருக்கும்? தலைகீழ்! கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறப்பது, உச்சியில் இருந்தவர்களைப்போல மூன்று மடங்குக்கும் மேல். சிகரெட், பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுசாகப் போகவில்லை. தன் வேலையில் தனக்கு எந்த அதிகாரமும் இல்லாத நிலைமைதான் இதயத்தை வாட்டும் விஷயங்களில் ஒன்று என்று, 1985ல் தொடங்கிய அடுத்த ஆராய்ச்சி சொன்னது. அப்படியானால், 'டென்ஷன் ஆகாதே' என்று பியூனிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? 'டென்ஷன் ஏத்தாதே' என்று மேலே இருப்பவரிடம் அல்லவா சொல்ல வேண்டும்!

மனசு உடம்பைப் பாதிக்கும் என்ற உண்மையில் வேலை இருப்பது நோயாளியைச் சுற்றி இருக்கும் நமக்குத்தான். அதை அவர் மேல் குற்றப் பத்திரிகையாக வாசித்துவிட்டு, நம் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறோம்.

அக்காவின் மூன்றாவது கீமோவின்போது இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "நீ அழுதிருந்தாலும் வந்திருக்கும்க்கா. உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்:

"அந்தக் காயம் ஆறாத பொம்பளைங்க கதை சொன்னியே... அவங்க நோயாளி இல்லதானே? பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டவங்கதானே?"

"ஆமாம்."

"உங்க மாமாவைப் பாரு. போன வாரம் ஷேவ் பண்றப்ப வெட்டிக்கிட்டது இன்னும் ஆறலை. ராத்திரி தூங்கறதே இல்ல. முதல்ல அவரைக் கூட்டிட்டுப் போய்த் தூங்க வை."

மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் சொருகிக்கொண்டிருந்தார். தாடையில் ஒரு பிளாஸ்திரி. இத்தனை நாள் வந்துபோகிறேன், நான் அவரைக் கவனித்ததே இல்லை.

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு மட்டும் போகிறேன். நோயாளியிடம் கிரிக்கெட், சினிமா, ஊர்வம்பு பேசுகிறேன். பிறகு கூட இருப்பவரிடம், "வீட்டுக்குப் போய்க் குளிச்சு, ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு வாங்க. நான் இருக்கேன்" என்கிறேன்.

இதுவரை ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.