சம்மதித்த காயம்

இன்பத்தின் பொருட்டு ஒருவர் வலி தருவதும், அவ்வலியை மற்றவர் விரும்பி ஏற்பதும் இக்காலத்து மேல்நாட்டு விபரீதம் என்று எண்ணுகிறவர்கள் காமசூத்திரத்தைப் பெயரளவில் மட்டுமே அறிந்தவர்கள். நகக்குறி, பற்குறி, அடி ஆகியவற்றைச் சாஸ்திர ரீதியாக வகுத்துக்கொண்டு போகிற வாத்ஸ்யாயனர் ஓரிடத்தில் சட்டென்று நின்று, சரசத்தின் உக்கிரத்தில் சித்திரசேனை என்ற கணிகையின் உயிரைப் போக்கிய சோழ மன்னனையும், தன் தேவி மலயவதியைக் கொன்ற குந்தல நாட்டுச் சாதகர்ணியையும், முறைதவறிய அடியால் நடனப்பெண் ஒருத்தியின் கண்ணைக் கெடுத்த நரதேவனையும் பெயர் சொல்லி எச்சரிக்கிறார். போக நூல் எழுதப் புகுந்தவர் இறந்தவர்களைக் கணக்கெடுத்துக் காட்டுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. சித்திரசேனை எதற்குச் சம்மதித்தாள், எதற்குச் சம்மதிக்கவில்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

பி.டி.எஸ்.எம். என்று இன்று அழைக்கப்படும் இவ்வழக்கத்தைப் பற்றிச் சட்டம் தன் மனத்தை வெளிப்படையாகக் காட்டிய இடம் இங்கிலாந்து. 1987-இல் அந்நாட்டுக் காவல்துறையின் கையில் வீடியோ நாடா ஒன்று அகப்பட்டது. அதில் கண்டதைக் கொலை என்றே கருதித் துப்புத் துலக்கப் புறப்பட்டவர்கள், மாண்டதாக நினைத்த ஓரினச்சேர்க்கை ஆடவர்கள் உயிரோடு நடமாடுவதையும், அவர்களில் ஒருவர்கூடப் புகார் சொல்லாததையும் கண்டார்கள். அவ்வளவோடு விட்டிருக்கலாம், விடவில்லை. உடலுக்கு எதிரான குற்றங்கள் பற்றிய 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 16 பேர்மேல் வழக்குத் தொடுக்கப்பட்டது. சம்மதம் எதிர்வாதமாகாது என்று விசாரணை நீதிபதி தீர்மானித்தவுடன், குற்றத்தை ஒப்புக்கொள்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லாமற் போயிற்று. காயம் பட்டவர்களிலும் சிலர், தம் உடம்பின்மீது நடந்த தாக்குதலுக்குத் தாமே உடந்தையாயிருந்தனர் என்று தண்டிக்கப்பட்டார்கள். இதைப் படித்துச் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியாமல் நான் புத்தகத்தை மூடிவைத்ததுண்டு.

தண்டிக்கப்பட்டவர்களில் சிலர் செய்த, பிரவுன் வழக்கு என்று பிரசித்தி பெற்ற மேல்முறையீட்டைப் பிரபுக்கள் சபை 1993-இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தள்ளிற்று. குத்துச்சண்டைக்காரன் எதிராளியின் மூளை கலங்க அடிப்பதற்கும், பச்சை குத்துபவன் ஊசியால் தோலைத் துளைப்பதற்கும் சம்மதத்தை ஏற்றுக்கொள்கிற சட்டம், படுக்கையறையில் மட்டும் அதே சம்மதத்தைக் காலால் தள்ளுவானேன்? வன்முறையிலிருந்து சமுதாயம் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றார் டெம்பிள்மன் பிரபு. இது வன்முறையைப் பற்றிய வழக்கே அன்று, தனிமனிதரின் அந்தரங்கத்தைப் பற்றியது என்று மாறுபட்டார் மஸ்டில் பிரபு. என் வாக்கு மஸ்டிலுக்கே. ஏனெனில் 1996-இல், மனைவியின் விருப்பப்படி காய்ச்சிய கத்தியால் அவள் புட்டத்தில் தன் பெயரின் முதலெழுத்துக்களைச் சூடிட்ட கணவன் ஒருவனை, மருத்துவர் ஒருவர் தழும்பைக் கண்டதனால் வழக்கில் அகப்பட்டவனை, மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லறத்தின் அந்தரங்கம் என்று விடுவித்தது. ஓரினச்சேர்க்கையாளரின் காயம் குற்றமாகவும் தம்பதியரின் காயம் அலங்காரமாகவும் தோன்றினால், நீதிபதிகள் புண்ணைப் பார்த்தார்களா, ஆளைப் பார்த்தார்களா என்று கேட்கத்தானே தோன்றும்?

இவ்வளவும் சொல்லிவிட்டு, சம்மதம் ஒன்றே போதும் என்று முடித்துவிட எனக்குத் துணிவில்லை. பெண்ணொருத்தியைக் கொன்றுவிட்டு, அவள்தான் கழுத்தை நெரிக்கச் சொன்னாள் என்று நீதிமன்றத்தில் கூசாமல் சொன்ன ஆண்கள் இருக்கிறார்கள். மறுத்துப் பேச வேண்டியவளோ மண்ணுக்குள் இருக்கிறாள். இவ்வழக்கத்தில் ஊறியவர்களே இந்த அபாயத்தை நன்கறிவார்கள். போதும் என்பதற்கு அடையாளமாக ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைப்பார்கள்; வாயைக் கட்டினால் கையில் ஒரு பந்தைக் கொடுப்பார்கள்; பந்து தரையில் விழுந்த கணமே எல்லாம் நின்றுவிட வேண்டும். ஆனால் கழுத்து நெரிபட்டு நினைவிழந்தவளின் கையிலிருந்து விழும் பந்து அவள் போட்டதா, தானே நழுவியதா? கனடாவின் உச்ச நீதிமன்றம் 2011-இல் இதற்கு ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் விடை சொல்லிற்று: நினைவிழக்குமுன் தந்த சம்மதம் நினைவிழந்த பின் நடப்பதற்குச் செல்லாது, கூடலின்போது ஒவ்வொரு கணமும் நினைவோடு இருப்பவரே சம்மதிக்க வல்லவர். இந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் உவப்பானது. காயத்தின் ஆழத்தை மட்டும் அளப்பதோடு நில்லாமல், வேண்டாம் என்னும் சக்தி கடைசி வரை காயம் பட்டவரிடம் இருந்ததா, சொன்னபோது அது கேட்கப்பட்டதா என்று விசாரிப்பதே நியாயம்.

நம் நாட்டில், ஆங்கிலேயரான மெக்காலே வரைந்த பழைய தண்டனைச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, பதினெட்டு வயது கடந்தவரின் சம்மதத்தைக் கொடுங்காயத்திற்குக் கீழ்ப்பட்ட தீங்குவரை பொதுவாக ஏற்றது. அதற்கு அது காட்டிய உதாரணம் வாட்பயிற்சி. அவ்விதி இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆம் பிரிவாக வாழ்கிறது. மெக்காலே பிறந்த இங்கிலாந்திலோ 2021-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு, பாலின்பத்துக்காக என்று சொல்லிப் பெற்ற சம்மதம் உடற்காயத்திற்கு எதிர்வாதமாகாது என்று எழுத்தில் பதித்துவிட்டது; கொலையுண்ட பெண்களின் பொருட்டுக் கொண்டுவரப்பட்ட அந்தப் பிரிவு, புகாரே சொல்லாத இருவருக்கும் இன்று அங்கே பொருந்தும்.