விலாசத்தில் ஒட்டிய சாதி

பாலாற்றங்கரையில் உத்தர ரங்கநாதர் சயனித்திருக்கும் கோலமே எங்கள் ஊருக்குப் பெயரானது: பள்ளிகொண்டா. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கூடவே வரும் ‘காலனி’யில்தான் நாக்கு தடுக்கும். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மனு கொடுத்தபோது, விலாசத்தைப் படித்தவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டிய பதில் அதிலேயே இருந்தது.

2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில், சாதிப் பெயருள்ள ஊர், தெருப் பெயர்களை மாற்ற அரசாணையும் வந்தது.

பெயர் மாறினால் மனம் மாறுமா என்கிறார்கள். பெருமாளுக்கு ஆயிரம் நாமம் சொல்பவர்கள், மனிதனை மட்டும் ஒற்றைப் பெயரில் அடைப்பது என்ன பக்தி? பலகையை மாற்றுவது மட்டும் போதாதுதான். ஆனாலும் முதலில் அதைக் கழற்றுங்கள். மனத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.