நாளைய தேதியிட்ட கையெழுத்து

பனமலையில் மணிலா பயிரிடும் ஒருவர், செஞ்சிக் கடையில் கடனுக்கு உரம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுவடைக்குப் பிந்திய தேதியிட்டுக் காசோலை தருகிறார். இன்று வங்கியில் பணம் இல்லை. அப்படியானால் அவர் பொய்யில் கையெழுத்திட்டாரா?

இல்லை என்பதே நம் கருத்து. அந்தத் தேதியே, ‘இன்று இல்லை, அன்று உண்டு’ என்று சொல்லிவிடுகிறது. பின்தேதியிட்ட காசோலை, குறித்த நாள் வரும் வரை வெறும் உண்டியல் சீட்டே. அந்நாளில்தான் காசோலை ஆகிறது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் விளக்கியது. ஆனால், பணம் வராது என்று தெரிந்தே எழுதினால் அது மோசடி. வாக்களித்து மாறுவதை நயவஞ்சகத்தின் அடையாளமாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் மறக்கலாகாது.

நிய்யத்து நல்லதாயிருந்தும் மழை பொய்த்துவிட்டால்? அல்லாஹ் உள்ளத்தை அறிவான்; சட்டமோ கையெழுத்தைப் பார்க்கிறது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 138-ஆம் பிரிவு, 1989 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. கடனுக்காகத் தந்த காசோலை பணமின்றித் திரும்பினால், கடன் கொடுத்தவர் 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம். அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குத் தொடுக்கலாம். இரண்டாண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். ‘திரும்பும் என்று நினைக்கவில்லை’ என்பது எதிர்வாதமாகாது என்கிறது 140-ஆம் பிரிவு.

வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பது இதனினும் ஆபத்து. 2000-ஆம் ஆண்டுத் தேதியிட்ட 11.20 லட்ச ரூபாய்க் காசோலை பற்றிய கலாமணி டெக்ஸ் வழக்கில், ‘குற்றவாளியே’ என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் முடிவை 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மனமுவந்து ஒப்படைத்தது வெற்றுக் காசோலையே ஆனாலும், கடன் இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை கையெழுத்திட்டவர் மீதே என்று அத்தீர்ப்பு கூறியது.

ஆகவே, வருமானம் உறுதியில்லாத நாளைக் காசோலையில் எழுதாதீர்கள். தொகை, தேதி, காரணம் மூன்றையும் தனித் தாளில் எழுதிச் சாட்சிகளிடம் கையொப்பம் வாங்குங்கள். கடனை எழுதி வைக்கும்படி திருமறையின் ‘பகரா’ அத்தியாயம் 282-ஆம் வசனம் விரிவாகப் பணிக்கிறதல்லவா? பணம் புரளாது என்று தெரிந்தால், தேதி வருமுன்பே கடன் கொடுத்தவரின் வாசலுக்குச் செல்லுங்கள். ஒளிந்துகொள்வதுதான் நல்ல நிய்யத்தையும் கெடுத்துவிடும்.

கடன் கொடுத்தோருக்கும் ஒரு சொல். உங்கள் பெட்டியிலுள்ள வெற்றுக் காசோலை ஓர் அமானிதம். கொடுத்த தொகைக்கு மேல் ஒரு ரூபாய் எழுதினாலும் அது துரோகமே. வசதியிருந்தும் இழுத்தடிப்பவர் மீது வழக்குத் தொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வசதியிருப்பவன் கடனை இழுத்தடிப்பது அநீதி என்பது நபிமொழி. ஆனால் உண்மையிலேயே நொடித்தவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தரும்படி, அதே அத்தியாயத்தின் 280-ஆம் வசனம் கூறுகிறது. சட்டம் தந்த உரிமை எல்லாவற்றையும் பயன்படுத்தியே தீரவேண்டும் என்பதில்லை.

வல்ல அல்லாஹ் நம் கையெழுத்தையும் நம் வாக்கையும் ஒன்றாக்கி வைப்பானாக! ஆமீன்.