மறுவும் பழியும்

புக்கிட் ரோத்தானை அடுத்த தோட்டமொன்றில் என் இளமை கழிந்தது. எங்கள் லயத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் இடுப்புக்குக் கீழே உள்ளங்கையளவு நீலநிறம் படிந்திருந்தது. குளிப்பாட்டிய பாட்டி அதைக் கண்டதும் மருமகளிடம் கேட்ட முதற்கேள்வி, "கிரகணத்தன்னிக்கு நீ எங்கே போனே?" என்பதுதான். அன்று தொடங்கிய பழி ஆண்டுக்கணக்கில் நீண்டது.

அக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் நம் மொழியைச் சற்று உற்று நோக்குவோம். 'மறு' என்னும் சொல் உடலிலுள்ள அடையாளத்தையும் குறிக்கும், குற்றத்தையும் குறிக்கும். மாசு மறுவற்றவர் என்று ஒருவரைப் புகழும்போது நாம் அவர் தோலைப் பற்றிப் பேசுவதில்லை. பாட்டி செய்த பிழையைக் கற்றோரும் செய்யக்கூடும்.

அந்நீலத்தின் காரணம் இதுதான்: தோலுக்கு நிறமூட்டும் உயிரணுக்கள், கரு வளரும்போது மேல்தோலை நோக்கி நகர்கின்றன. அவற்றுட் சில அடித்தோலிலேயே தங்கிவிடுகின்றன. ஆழத்திலுள்ள கருமை வெளியே நீலமாகத் தோன்றுகிறது. ஜப்பானில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் எர்வின் பெல்ஸ் 1885ஆம் ஆண்டில் இதனை மங்கோலிய இனத்தோடு தொடர்புபடுத்தினார். 'மங்கோலியப் புள்ளி' என்னும் பெயரும் நிலைத்தது. பொருந்தாப் பெயர்! மலாய், சீன, தமிழ்க் குழந்தைகள் பலரிடமும் இது காணப்படுகிறது. மேலைநாடுகளிலோ இதனை அடிபட்ட காயமென்று கருதிப் பெற்றோரை ஐயுற்றதும் உண்டு. அங்கே கிரகணத்தின் பேச்சில்லை; பழி மட்டும் தப்பவில்லை.

முகத்தில் கருஞ்சிவப்பாய்ப் படரும் பிறவி மறுவைக் கண்டால், யார் வழி வந்தது என்று இரு குடும்பங்களும் வழக்காடும். அம்மறுவுக்குரிய மரபணு மாற்றம் கரு உருவான பின்னரே அதன் சில உயிரணுக்களில் மட்டும் நேர்கிறது என்பதை 2013ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பெற்றோரிடமிருந்து அது வருவதன்று. மாறாக, முன்நெற்றியில் ஒரு கற்றை வெண்மயிரும் உடலில் வெண்திட்டுகளும் பிறவியிலேயே அமையும் 'பைபால்டிசம்' உண்மையாகவே குடும்பவழித் தொடர்வது. பெற்றோரில் ஒருவருக்கு அது இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு.

அவ்வாறு தாய்வழியே வந்தது என்றே கொள்வோம். அப்போது அவள் குற்றவாளி ஆவாளா? காரணமாவது வேறு, பழிக்குரியவராவது வேறு. பழி சுமத்த வேண்டுமாயின், மாற்றி நடக்க இயலும் என்ற நிலை முன்பு இருந்திருக்க வேண்டும். எதனைக் குழந்தைக்கு அளிப்பது என்று எந்தத் தாயும் தேர்ந்ததில்லை. கிரகண நம்பிக்கையின் வலிமை இங்கேதான் இருக்கிறது. ஒருவரும் செய்யாத ஒன்றை அது செயலாக்கி, செய்தவளையும் காட்டிக் கொடுக்கிறது. பாட்டியின் மனத்திலும் கொடுமை இல்லை. பெண்ணாயிற்றே, நாளை யார் கட்டுவார் என்னும் அச்சமே இருந்தது.

அதே வீட்டின் மூத்த பையனுக்குக் காதோரம் ஒரு மச்சம். அது மறைந்த தாத்தாவின் மச்சமாம். அவரே திரும்பி வந்துவிட்டாராம். அப்பெருமையில் மருமகளுக்குப் பங்கு தந்தவர் எவருமில்லை.

அந்நீலம் குழந்தை பள்ளிக்குச் செல்லுமுன்பே மங்கி மறைந்தது. தாம் இருந்த வெள்ளிக்கிழமை விரதத்தின் பயன் அது என்றார் பாட்டி. மருமகள் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.